பெண் பேராசிரியருக்குப் பெண் பேராசிரியர் துணை: இராமநாதபுரம் கடற்கரைக் கல்லூரிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் இந்தக் கடற்கரையில் கல்லூரிகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளியே இருக்கின்றன. ஒரு துறையில் நான்கைந்து பேர் வேலை பார்த்தால் அதில் பெண் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். மகளிர் கல்லூரி என்றால் எண்ணிக்கை கூடும். ஆனால் அங்கேயும் மூத்தவர்கள் மாற்றலில் போய்விட, துறை முழுக்க முப்பது வயதுக்காரர்களே நின்று சமாளிப்பதைப் பார்க்கிறேன்.

புதிதாகச் சேரும் பெண் பாடம் நடத்த எப்படியோ பழகிக்கொள்கிறார். எந்தப் படிவத்தை எப்போது கொடுக்க வேண்டும், கட்டுரையை எந்த இதழுக்கு அனுப்ப வேண்டும், கூட்டத்தில் தன் பேச்சு எடுபட என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. ஆண் ஆசிரியர்களுக்கு இதில் பாதி டீக்கடையிலும், விடைத்தாள் திருத்தும் முகாமின் வராந்தாவிலும் காதில் விழுந்துவிடும். நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவருக்கு அது விழாது.

அதனால்தான் பெண்ணுக்குப் பெண் துணை நிற்கும் உறவு இங்கே அவசியமாகிறது. பாசத்துக்கும் அறிவுரைக்கும் நம்மிடம் பஞ்சமே இல்லை. குறைவாக இருப்பது, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேலையை முடித்துக் கொடுக்கும் துணை. கீழே சொல்வதெல்லாம் அந்தத் துணையை எப்படித் தேடுவது, எப்படிக் கட்டிக்காப்பது என்பதைப் பற்றித்தான்.

படி 1: என்ன வேண்டும் என்று முதலில் எழுதுங்கள்

"எனக்கு ஒரு வழிகாட்டி வேண்டும்" என்று மனதில் வைத்துக்கொண்டு யாரையும் தேடாதீர்கள். ஒரு தாளை எடுத்து, அடுத்த ஓராண்டில் முடிய வேண்டிய வேலைகளை எழுதுங்கள். பி.ஹெச்.டி. சினாப்சிஸ் (ஆய்வேட்டுச் சுருக்கம்) கொடுக்க வேண்டுமா? முதல் கட்டுரை வெளியாக வேண்டுமா? கெஸ்ட் லெக்சரர் நிலையிலிருந்து நிரந்தர வேலைக்கு வர நெட், செட் என்ற தகுதித் தேர்வுகளை எழுத வேண்டுமா? துறைக் கூட்டத்தில் வாய் திறக்கவே தயக்கமா? ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ஆள் தேவைப்படலாம்.

வழிகாட்டும் உறவைப் பற்றி 1980களில் ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் கேத்தி கிராம், அது இரண்டு வகையில் உதவுகிறது என்று பிரித்துக் காட்டினார். ஒன்று, வேலையில் முன்னேற வைப்பது. மற்றது, மனதுக்குத் தெம்பு கொடுப்பது. ஒரே ஆளிடம் இரண்டையும் எதிர்பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. தெம்பு சொல்ல ஒருவர், கட்டுரை திருத்த ஒருவர் என்று இருவர் இருப்பதில் எந்தத் தவறும் இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆய்வை மேற்பார்க்கும் கைடும் துறைத் தலைவரும் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், இந்த இடத்துக்கு அவர்கள் வேண்டாம். ஒருவரின் கையெழுத்து உங்கள் ஆய்வேட்டில் விழ வேண்டும், இன்னொருவரின் கையெழுத்து உங்கள் விடுப்பில் விழ வேண்டும். அவர்களிடம் மனம்விட்டுப் பேசுவதற்கு ஒரு எல்லை உண்டு. கையெழுத்து அதிகாரம் இல்லாத மூன்றாவது ஆளே சரி.

படி 2: எங்கே தேடுவது

உங்கள் கல்லூரிக்குள்ளேயே தேடி, யாரும் இல்லை என்று முடிவுக்கு வராதீர்கள். மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பாடத்திட்டக் குழு, தேர்வு வேலை, வைவா (வாய்மொழித் தேர்வு) என்று எல்லோரும் ஆண்டுக்குச் சில முறையாவது ஓரிடத்தில் கூடுகிறோம். அந்த நாட்களில் மதியச் சாப்பாட்டை உங்கள் கல்லூரிக் கூட்டத்தோடே சாப்பிடாமல், வேறு கல்லூரி மேடம் ஒருவரின் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

கடல் சார்ந்த ஆய்வு செய்கிறவர்களுக்கு இந்தக் கரையில் வாய்ப்பு அதிகம். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. 1971-ல் கொச்சிக்குப் போகும்வரை அந்த நிறுவனத்தின் தலைமையகமே மண்டபத்தில்தான் இருந்தது. கீழக்கரையில் 1988-ல் தொடங்கிய தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி இருக்கிறது. இராமநாதபுரத்தில் சேதுபதி அரசுக் கலைக் கல்லூரியும் அரசு மகளிர் கல்லூரியும், இராமேஸ்வரத்தில் அப்துல் கலாம் பெயரிலான அரசுக் கல்லூரியும் இருக்கின்றன. பாடம் வேறாக இருந்தால் பரவாயில்லை. பதவி உயர்வுக் கோப்பு வணிகவியலுக்கும் விலங்கியலுக்கும் ஒன்றுதான்.

ஓய்வு பெற்றவர்களை மறந்துவிடுகிறோம். அவர்களுக்கு நேரமும் இருக்கிறது, யாருக்கும் பயப்பட வேண்டிய நிலையும் இல்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கையே, மூத்த பேராசிரியர்களையும் ஓய்வு பெற்றவர்களையும் கொண்டு, இந்திய மொழிகளில் கற்பிக்கத் தெரிந்தவர்களையும் சேர்த்து, ஒரு தேசிய வழிகாட்டல் இயக்கம் அமைக்க வேண்டும் என்கிறது. அது உங்கள் கல்லூரி வாசலுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பரமக்குடியிலோ இராமநாதபுரத்திலோ வீட்டில் இருக்கும் ஓய்வு பெற்ற மேடத்துக்கு ஒரு போன் போதும்.

ரொம்ப மூத்தவராகவும் இருக்க வேண்டாம். உங்களைவிட ஐந்தாறு ஆண்டு முன்னால் இதே வழியில் போனவருக்கு, இன்றைய ஆன்லைன் போர்ட்டல் எங்கே சிக்கும் என்பது வரை நினைவிருக்கும்.

படி 3: எப்படிக் கேட்பது

"நீங்கதான் மேடம் எனக்கு வழிகாட்டணும்" என்று ஒரேயடியாகக் கேட்டால் எதிரில் இருப்பவர் பயந்துபோவார். சிறிய வேலை ஒன்றைக் கேளுங்கள். இப்படி ஒரு செய்தி போதும்:

"வணக்கம் மேடம். நான் பொருளியல் துறையில் இரண்டு ஆண்டாக வேலை பார்க்கிறேன். போன மாதம் பாடத்திட்டக் குழுவில் உங்களைச் சந்தித்தேன். பாம்பன் பக்கத்து மீனவப் பெண்களின் கடன் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். முதல் இரண்டு பக்கத்தை மட்டும் நீங்கள் பார்த்து, கேள்வி தெளிவாக இருக்கிறதா என்று சொன்னால் உதவியாக இருக்கும். சனிக்கிழமை இராமநாதபுரம் வருகிறேன், நேரம் இருந்தால் நேரிலேயே பார்க்கலாம். இல்லையென்றால் போனில் பேசினாலும் சரி மேடம்."

யார், என்ன வேலை, எவ்வளவு நேரம் ஆகும், மறுக்க விரும்பினால் எப்படி மறுக்கலாம் என்று எல்லாமே அதில் இருக்கிறது. அவர் சொன்னதைத் திருத்தி, திருத்திய பக்கத்தை ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். உறவு உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. சொன்னதைச் செய்கிறவருக்கு அடுத்த முறை நேரம் ஒதுக்க யாரும் தயங்க மாட்டார்கள்.

மூத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேட்க வெட்கப்படுகிற பெண்கள் இங்கே அதிகம். வீட்டில் முதல் பட்டதாரியாகப் படித்து, விரிவுரையாளராக வந்தவருக்கு, பேராசிரியரிடம் உதவி கேட்பதே அதிகப்பிரசங்கித்தனம் என்று தோன்றும். நீங்களே போய் "என்னம்மா எழுதிக்கிட்டிருக்கே?" என்று கேளுங்கள்.

படி 4: முதல் சந்திப்பிலேயே பேசி முடிக்க வேண்டியவை

எத்தனை நாளுக்கு ஒரு முறை சந்திப்பது, எதைப் பற்றிப் பேசுவது, எது வெளியே போகக்கூடாது, எவ்வளவு காலத்துக்கு. இந்த நான்கையும் கூச்சப்படாமல் பேசிவிடுங்கள். மாதம் ஒரு முறை ஒன்றரை மணி நேரம், ஓராண்டுக்கு என்று வைத்துக்கொள்வது நம் வேலைச்சுமைக்குத் தாங்கும். ஆண்டு முடிவில் தொடரலாமா என்று மறுபடி பேசலாம்.

இடம் என்றால் இராமநாதபுரம்தான் எல்லோருக்கும் வசதி. கீழக்கரை பஸ், இராமேஸ்வரம் பஸ், தொண்டி பஸ் எல்லாம் அங்கே வந்துதான் நிற்கும். இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரும்படி காலையில் வையுங்கள். நவம்பர், ஏப்ரல் தேர்வு மாதங்களில் சந்திப்பு நிச்சயம் தள்ளிப்போகும். அந்த மாதங்களுக்குப் போனில் இருபது நிமிடம் என்று முன்கூட்டியே ஒதுக்கிவிட்டால் தொடர்பு அறுந்துபோகாது.

ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் இருவரும் ஆளுக்கொரு வேலையை ஏற்றுக்கொண்டு எழுந்திருங்கள். இளையவருக்கு மட்டும் வீட்டுப்பாடம் கொடுப்பது சரியில்லை. "நான் அந்தப் பிரிவைத் திருப்பி எழுதுகிறேன்" என்று அவர் சொன்னால், "நான் அந்த எடிட்டரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று மூத்தவர் சொல்லட்டும்.

படி 5: ஆராய்ச்சியில் கைகொடுப்பது

மூத்தவரின் நேரத்தில் பாதியை இதற்கே கொடுக்கலாம்.

முதலில் விதிகள். 2022-ல் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) பி.ஹெச்.டி. விதிமுறைப்படி ஆய்வுக்கு அதிகபட்சம் 6 ஆண்டு, மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு. மொத்தம் 10 ஆண்டைத் தாண்டக்கூடாது. மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பாக ஆய்வுக் காலம் முழுவதற்கும் 240 நாள் வரை கிடைக்கும். திருமணமாகியோ வேறு காரணத்தாலோ ஊர் மாறும் பெண், ஆய்வை வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளவும் அதே விதிமுறை இடம் தருகிறது. இதைத் தெரியாமல், கல்யாணம் ஆனதும் ஆய்வைக் கைவிட்டுவிடும் பெண்கள் உண்டு. மூத்தவர் ஒருவர் பத்து நிமிடம் ஒதுக்கி விதியை எடுத்துக் காட்டினால் இது நடக்காது.

கைடு தேடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் ஒரே நேரத்தில் ஆய்வாளர்களாக வைத்திருக்க முடியும். ஓய்வுக்கு 3 ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக ஆள் எடுக்க முடியாது. கேட்பதற்கு முன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இதழ்கள். வாட்ஸ்அப்பில் வரும் "மூன்று நாளில் வெளியீடு, சான்றிதழ் உடனே" அழைப்புகளில் பணம் கட்டி ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் தனியாக விடப்பட்டவர்கள். நல்ல இதழ்கள் எவை என்று காட்டிவந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி. கைவிட்டுவிட்டதால், நல்ல இதழ் எது என்று நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இளையவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு இதழின் பக்கத்தைத் திறந்து இப்படிப் பாருங்கள்: ஆசிரியர் குழுவில் இருப்பவரின் பெயரை அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் தேடுங்கள்; அங்கே அவர் இருக்கிறாரா? கடந்த இதழில் வந்த ஒரு கட்டுரையை முழுதாகப் படியுங்கள். யாராவது திருத்திய அடையாளம் தெரிகிறதா? அனுப்பிய தேதியும் ஏற்ற தேதியும் போட்டிருக்கிறார்களா, இடையில் எத்தனை நாள்? ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருப்பதாகச் சொன்னால் ஸ்கோபஸின் சொந்தப் பக்கத்திலேயே தேடிப் பாருங்கள், இதழ் காட்டும் முத்திரையை நம்பாதீர்கள். ஒரு முறை சேர்ந்து செய்துவிட்டால், அடுத்த முறை அவரே இன்னொருவருக்குச் சொல்லித் தருவார்.

கட்டுரையைப் படித்துப் பார்க்க இதழ் அமர்த்தும் மதிப்பாய்வாளரின் கருத்து வந்ததும் அழாத இளையவர் குறைவு. அந்த அன்று போன் செய்தால் ஆறுதல் சொல்லுங்கள். மறுநாள் வேலையைத் தொடங்குங்கள். ஒரு தாளில் மூன்று கட்டமாக அட்டவணை போடுங்கள். முதல் கட்டத்தில் மதிப்பாய்வாளர் சொன்னது வரிக்கு வரி. இரண்டாவதில் நாம் என்ன மாற்றினோம், எந்தப் பக்கத்தில். மூன்றாவதில், மாற்றவில்லை என்றால் ஏன். "முடிவுரை பலவீனம்" என்ற ஒரு வரி, அட்டவணைக்குள் வந்ததும் இரண்டு பத்தி திருத்தமாகச் சுருங்கிவிடும். பயம் போய்விடும்.

கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதை எழுதத் தொடங்கும்போதே பேசிவிடுங்கள். மூத்தவர் திருத்திக் கொடுத்தார் என்பதற்காக அவர் பெயர் கட்டுரையில் ஏறக்கூடாது. நன்றி சொல்லும் பகுதியில் பெயர் போட்டால் போதும். இதில் நான் கொஞ்சமும் வளைந்து கொடுக்கமாட்டேன்.

களப்பணி செய்கிறவர்களுக்கு இந்தக் கரையில் தனி ஏற்பாடு தேவை. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது, அதில் 21 தீவுகள் உண்டு. அங்கே கால் வைக்கவே வனத்துறை அனுமதி வேண்டும். வனஉயிரினக் காப்பாளர் அலுவலகம் இராமநாதபுரத்தில் இருக்கிறது. விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்று முன்பு வாங்கியவர் சொன்னால் பல வாரம் மிச்சம். மீனவக் குடும்பங்களிடம் பேட்டி எடுக்க நினைப்பவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தைக் கவனத்தில் வையுங்கள். விசைப்படகுக்காரர்கள் அப்போது கரையில் இருப்பார்கள், பேச நேரம் இருக்கும். வருமானமும் அப்போதுதான் இருக்காது, அதனால் கடனைப் பற்றிக் கேட்கும்போது பக்குவமாகக் கேட்க வேண்டும். படகில் போவதானால் இன்னொரு பெண்ணையும் கூட்டிப் போகும்படி மூத்தவர் ஏற்பாடு செய்யட்டும்.

கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி ஆராய்கிறவர்கள் அவர்களை வெறும் தகவல் தருபவர்களாக நினைக்கக்கூடாது. பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி, பாசி எடுக்கும் பெண்களைத் திரட்டியதற்காக 2015-ல் சீக்காலஜி என்ற பன்னாட்டு விருதைப் பெற்றவர். கேள்வித்தாளை அச்சடிப்பதற்கு முன் அப்படிப்பட்ட ஒருவரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

படி 6: கோப்பு

பதவி உயர்வுக் கோப்பை முதல் நாளிலிருந்தே சேர்க்கச் சொல்லுங்கள். 2018 யு.ஜி.சி. விதிப்படி, உதவிப் பேராசிரியர் முதல் நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போக பி.ஹெச்.டி. இருந்தால் 4 ஆண்டு, எம்.ஃபில். இருந்தால் 5, முதுகலை மட்டும் என்றால் 6 ஆண்டுப் பணி வேண்டும். ஓரியன்டேஷன், ரெஃப்ரஷர் பயிற்சி வகுப்புகளை முடித்திருக்க வேண்டும். பிள்ளைகளை விட்டுவிட்டு வாரக்கணக்கில் வெளியூர் போக முடியாதவர்கள், மாளவியா ஆசிரியர் பயிற்சித் திட்டத்தின் ஆன்லைன் வகுப்புகளைப் பாருங்கள். சான்றிதழ், உத்தரவு நகல், தேர்வுப் பணி ஆணை எல்லாவற்றையும் வந்த அன்றே ஸ்கேன் செய்து வையுங்கள். இதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

படி 7: இல்லாத இடத்தில் பெயரைச் சொல்வது

வழிகாட்டலில் அதிகம் பலன் தருவதும், நாம் குறைவாகச் செய்வதும் இதுதான். கேள்வித்தாள் தயாரிக்க ஆள் வேண்டும், பாடத்திட்டக் குழுவுக்கு உறுப்பினர் வேண்டும், கருத்தரங்கில் பேச ஆள் வேண்டும் என்ற பேச்சு வரும்போது அங்கே உட்கார்ந்திருப்பவர் மூத்தவர். இளையவர் அங்கே இல்லை. அந்த நேரத்தில் அவர் பெயரையும், அவர் செய்த வேலையையும் ஒரு வாக்கியத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கல்லூரிக்குள் நடப்பதையும் பார்க்கிறோம். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிறது என்றால் கோலமும் குத்துவிளக்கும் வரவேற்புத் தட்டும் பெண்களுக்கு. அறிக்கையும் புள்ளிவிவரமும் ஆண்களுக்கு. அறிக்கை எழுதியவர் பெயர்தான் பின்னால் நினைவில் நிற்கிறது. கூட்டத்தில் மூத்தவர் பதற்றமில்லாமல் இப்படிச் சொல்லலாம்: "வரவேற்பை இந்த முறை நம்ம தம்பிங்க பார்த்துக்கட்டும் சார். மூன்றாவது கிரைட்டீரியன் டேட்டா முழுக்க இவங்களிடம்தான் இருக்கு, இவங்களே எழுதட்டும்." சண்டையே இல்லை. ஆனால் அதை இளையவரே சொன்னால் திமிர் என்பார்கள். மூத்தவர் சொன்னால் ஏற்பாடு ஆகிவிடும்.

படி 8: பிரசவம், இடைவெளி, திரும்பி வருவது

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். தனியார் கல்லூரிகளுக்கு மத்தியச் சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். விடுப்பில் இருப்பவரை "ஓய்வெடும்மா" என்று முழுதாக விட்டுவிடுவதும் தப்பு, வேலையை அனுப்பித் தொந்தரவு செய்வதும் தப்பு. எதைப் பற்றித் தகவல் வேண்டும் என்று போவதற்கு முன்பே அவரிடம் கேட்டு வையுங்கள். பாடத்திட்டம் மாறினால் சொல்லணுமா? விண்ணப்பத் தேதி வந்தால் சொல்லணுமா? அவ்வளவை மட்டும் சொல்லுங்கள். அறிவியல் படித்து, குடும்பத்துக்காக ஆய்வை விட்டவர்கள் திரும்பி வர மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டம் இருக்கிறது. அறிவிப்பு வரும்போது அந்தப் பெண்ணின் பெயர் மூத்தவருக்கு நினைவு வர வேண்டும்.

படி 9: எல்லைகள்

மேடம் என்று தொடங்கும் உறவு சில மாதத்தில் அக்கா, ராத்தா என்று ஆகிவிடுகிறது. அது நம் ஊரின் அழகு. அந்த உரிமையில் பேரப்பிள்ளையின் பிராஜெக்ட் செய்து தரச் சொல்வதும், வீட்டு விசேஷத்துக்கு வேலை வாங்குவதும் நுழைந்துவிடும். இளையவரால் மறுக்க முடியாது என்பதாலேயே மூத்தவர் கேட்கக்கூடாது. பணம் கடன் கேட்பது, கொடுப்பது இரண்டுமே வேண்டாம். சாதி, மதம், திருமணம் பற்றிய விசாரணையும் வேண்டாம்; அவரே பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலியல் தொல்லை பற்றி ஒருவர் உங்களிடம் வாய் திறந்தால், சமாதானம் பேசப் போகாதீர்கள். நடந்தது, தேதி, இடம், பார்த்தவர் என்று அன்றே அவர் கையால் எழுதிவைக்கச் சொல்லுங்கள். கடைசிச் சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் உள் புகார்க் குழுவில் கொடுக்க வேண்டும். காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். சமரசம் என்பது புகார் கொடுத்த பெண் கேட்டால் மட்டுமே, அதுவும் பணத்தை வைத்துப் பேசக்கூடாது. உங்கள் வேலை, அவர் குழுவின் முன் போகும் நாளில் வாசல்வரை கூடப் போய், வெளியே வரும்வரை அங்கேயே இருப்பது.

படி 10: முடிப்பதும் மாற்றிக்கொள்வதும்

இந்த உறவு தொடங்கும், வளரும், பிரியும், பிறகு வேறு உருவில் தொடரும் என்று கேத்தி கிராம் நான்கு கட்டமாகச் சொன்னார். நம் ஊரில் மூன்றாவது கட்டத்தில்தான் மனக்கசப்பு வருகிறது. இளையவர் சொந்தமாக முடிவெடுக்கத் தொடங்கியதும் "வளர்ந்துட்டா, மறந்துட்டா" என்று பேச்சு எழும். முதல் சந்திப்பில் ஓராண்டு என்று வைத்திருந்தால் இதற்கு இடமில்லை. கடைசிச் சந்திப்பில் எது முடிந்தது, எது முடியவில்லை என்று பார்த்துவிட்டு, இனி தேவைப்படும்போது பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொள்ளுங்கள். ஒத்துவராவிட்டால் நடுவிலேயே முடிக்கலாம். "இந்த செமஸ்டர் என்னால் நேரம் கொடுக்க முடியவில்லை மேடம், இதுவரை செய்ததற்கு நன்றி" என்ற இரண்டு வரி போதும், காரணம் விளக்க வேண்டியதில்லை.

மூத்தவர்கள் ஒரே நேரத்தில் இருவருக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்லூரி திறக்கும் ஜூன் மாதத்திலேயே முதல்வர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்களின் பெயரைக் கேட்டு வாங்கி, முன்பு உங்களிடம் வந்தவர்களில் யாரால் யாரைப் பார்த்துக்கொள்ள முடியும் என்று பிரித்துக் கொடுங்கள். நவம்பர் தேர்வு வேலை தொடங்குவதற்குள் ஒவ்வொருவருக்கும் முதல் சந்திப்பு முடிந்திருக்க வேண்டும்.